மணல் இல்லாத கடற்கரையும் ஒத்தைக் கொலுசும்

போன மார்கழியில் ஒருநாள் விடிவதற்கு முன்பே கிளம்பி ஏற்காடு போயிருந்தோம். லேடீஸ் சீட்டில் போய் நிற்கும்போது மணி ஏழு. கீழே சேலம் தெரிய வேண்டிய இடத்தில் சேலத்தைக் காணோம். அடிவாரத்திலிருந்து கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வெள்ளை வெளேரென்று மூட்டம். கஞ்சமலை மட்டும், குளத்தில் கிடக்கும் எருமையின் முதுகு மாதிரி, நடுவில் கொஞ்சம் தெரிந்தது. வெயில் பட்டதும் மூட்டம் மெல்ல அசைய ஆரம்பித்தது. பாப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "அம்மா, கடல் இப்படித்தான் இருக்குமா?"

சட்டென்று பதில் வரவில்லை. அவளுக்கு ஒன்பது வயது. கடலை டிவியில்தான் பார்த்திருக்கிறாள். பக்கத்தில் சால்வையைப் போர்த்திக்கொண்டு நின்ற என் அம்மாவுக்கு 66. அவளும் டிவியில்தான் பார்த்திருக்கிறாள். வாழப்பாடிப் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்து, சேலத்தில் வாழ்க்கைப்பட்டவள். திருப்பதி, பழனி எல்லாம் போய்விட்டாள். மேல்மருவத்தூருக்கு மட்டும் ஏழு தடவை. அங்கிருந்து கிழக்கே கொஞ்ச தூரம் போயிருந்தால் கடல்தான். "கடலைப் பாக்கவா போனோம், அம்மனைப் பாக்கத்தான போனோம்" என்றாள், ஏதோ நான் குற்றம் சொன்ன மாதிரி.

சேலத்துக்காரர்களின் நிலைமை இது. லீவு விட்டால் மலை. 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஏற்காடு வந்துவிடும். ஏரியில் படகு, கையில் மிளகாய் பஜ்ஜி, சாயங்காலம் வீடு. மலை எங்களுக்குக் கொல்லைப்புறம். கடலுக்குப் போவதென்றால் அது ஒரு கல்யாணத்துக்குப் போவது மாதிரி. எந்தத் திசையில் பஸ் ஏறினாலும் கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர் போகாமல் கடல் வராது. தேதி குறிக்க வேண்டும், லீவு சொல்ல வேண்டும், வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.

மே மாதத்தில் தேதி குறித்தோம். ஏற்காட்டில் கோடை விழாக் கூட்டம், மலைப்பாதையில் வண்டிகள் எறும்புச் சாரை. இந்த வருஷம் மலை வேண்டாம், பாண்டிச்சேரி போவோம் என்றார் வீட்டுக்காரர்.

"பாண்டிக்குப் போறோம்" என்று எங்கள் ஊரில் சொல்லிப் பாருங்கள். கேட்பவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். எதிர்வீட்டு அண்ணன் என் வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு, "குடும்பத்தோடயா?" என்று உண்மையான வருத்தத்தோடு விசாரித்தார். பட்டறையில் மூன்று பேர் காசு கொடுத்தனுப்பப் பார்த்தார்கள். கடலுக்காகவும் ஒருத்தன் பாண்டிக்குப் போவான் என்று யாரும் நம்பத் தயாராக இல்லை.

பட்டறை என்றேன் இல்லையா, செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் எங்களுக்குச் சின்னதாக ஒரு வெள்ளிப் பட்டறை. கொலுசுதான். சேலத்துக் கொலுசு ஒரே இடத்தில் ஒரே ஆள் செய்து முடிப்பதில்லை. ஒருவர் கம்பி இழுப்பார், இன்னொரு வீட்டில் சலங்கை செய்வார்கள், எங்கள் பட்டறையில் பற்றவைப்போம், மெருகு வேறொரு தெருவில். ஒரு கொலுசு கடைக்குப் போவதற்குள் நாலைந்து வீட்டு வாசற்படி ஏறி இறங்கிவிடும். பாப்பாவின் பிறந்தநாளுக்கு வீட்டுக்காரரே உட்கார்ந்து செய்த ஜோடி, 62 கிராம். பள்ளிக்கூடத்தில் கொலுசு போட விடமாட்டார்கள். அதனால் லீவு விட்ட அன்றைக்கே மாட்டினால் பள்ளி திறக்கும்வரை கழற்றமாட்டாள். "கடலுக்குப் போறப்ப கழட்டி வச்சுடு, உப்புத் தண்ணி பட்டா வெள்ளி கறுத்துடும்" என்று அவர் சொன்னார். சொன்னதோடு சரி.

சேலம் புதிய பஸ் ஸ்டாண்டில் காலை ஐந்தரைக்கு ஏறினோம். அம்மாவின் பையில் என்ன இருந்தது என்று சொல்லிவிடுகிறேன்: ஒரு தூக்குப் புளிச்சோறு, தட்டுவடை இரண்டு பாக்கெட், ஐந்து கிலோ மல்கோவா. யாருக்கு மாம்பழம் என்று கேட்டால், "போற ஊர்ல யாராவது இருப்பாங்கல்ல" என்கிறாள். எங்களுக்குப் பாண்டியில் ஒருவரையும் தெரியாது.

வாழப்பாடி தாண்டும்போது அம்மா தன் ஊர்த் திசையைக் காட்டிப் பாப்பாவிடம் கிணற்றுக் கதையை ஆரம்பித்தாள். முதுகில் காய்ந்த சுரைப்புருடையைக் கட்டி அவள் மாமா தூக்கிப் போட்டது, மூன்றாம் நாள் புருடையை அவிழ்த்துவிட்டது, பம்புசெட் மேட்டிலிருந்து பையன்களுக்குச் சமமாகக் குதித்தது. வயசுக்கு வந்ததும் கிணற்றுப் பக்கம் விடவில்லை. நீச்சல் அத்தோடு நின்றது, ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. "நீச்சல் மறக்காது சாமி. சைக்கிள் மாதிரிதான்." அவளுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது.

ஆத்தூரில் வசிஷ்ட நதி. தண்ணீர் இல்லை, சீமைக்கருவேலம்தான். இந்த நதி கீழே சுவேத நதியோடு சேர்ந்து வெள்ளாறாகிப் பரங்கிப்பேட்டையில் கடலில் கலக்கிறது. மழைக்காலத்தில் வந்திருந்தால் ஆற்றோடு நாமும் கடலுக்குப் போகிறோம் என்று பாப்பாவிடம் சொல்லியிருக்கலாம். இந்த மே மாதத்தில் ஆறு எங்களோடு வருவதாக இல்லை. சேகோ ஆலைகளின் புளித்த வாசனை ஒரு பாட்டம் வந்து போனது. தலைவாசல், சின்னசேலம், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை. விழுப்புரத்தில் நல்ல வெயில் ஏறிவிட்டது.

அதற்குப் பிறகுதான் வேடிக்கை. விழுப்புரத்திலிருந்து பாண்டி போகிற ரோட்டில் மதகடிப்பட்டு வந்தால் புதுச்சேரி. சரி, வந்துவிட்டோம் என்று பையை எடுத்தால் கண்டமங்கலம், திரும்பவும் தமிழ்நாடு. அப்புறம் அரியூரில் மறுபடி புதுச்சேரி. பிரெஞ்சுக்காரன் காலத்தில் எந்தக் கிராமம் யாருக்கென்று பங்கு பிரித்த கணக்கு, இன்றைக்கும் பஸ் ஜன்னலில் தெரிகிறது. எல்லைப் பலகையைப் பார்க்கவே வேண்டாம், வரிசையாகச் சாராயக்கடை வந்தால் புதுச்சேரி, நின்றுபோனால் தமிழ்நாடு. பாப்பா இரண்டே நிமிஷத்தில் இந்தச் சூத்திரத்தைக் கண்டுபிடித்துச் சத்தமாக அறிவிக்க ஆரம்பித்தாள். பஸ்ஸே சிரித்தது. எனக்குத்தான் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

லாட்ஜைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 'கடல் தெரியும் அறை' என்று போட்டிருந்தார்கள். தெரிந்தது. குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்றால், ஒரு தண்ணீர்த் தொட்டிக்கும் இன்னொரு தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில், ஒரு சாண் நீலம்.

சாயங்காலம் ஐந்து மணிக்குக் கடற்கரைச் சாலைக்குப் போனோம். தெற்குப் பக்கமாக, டூப்ளே சிலை இருக்கும் முனையில் போய் நின்றோம். அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள், கோயில் வாசலில் கழற்றுகிற மாதிரி. பிறகு சுற்றும்முற்றும் பார்த்தாள்.

"மணல் எங்க கண்ணு?"

மணல் இல்லை. சாலை, நடைமேடை, அதற்குக் கீழே வண்டி வண்டியாகக் கொட்டிய கருங்கற்கள், கல்லில் வந்து மோதுகிற கடல். ஒவ்வொரு கல்லும் எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி அளவு. அலை கல்லிடுக்கில் புகுந்து 'பொளேர்' என்று மேலே தெறித்தது. அம்மா கையில் செருப்போடு அப்படியே நின்றாள். முதன்முதலாகக் கடலைப் பார்க்கிற ஒரு மனுஷியின் முகத்தில் என்னவெல்லாமோ தெரியும் என்று ஐந்து மாதமாக நினைத்துவைத்திருந்தேன். தெரிந்தது ஏமாற்றம்தான். "இது கல்குவாரி மாதிரியில்ல இருக்கு" என்றாள்.

பக்கத்தில் குட்டைச் சுவரில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டார். தினமும் நடைக்கு வருகிறவராம். "அம்மா கேக்கறது நியாயந்தான். நான் சின்னப் பையனா இருக்கச்ச இங்க மணல்லதான் விளையாடுவோம். எல்லாம் போயிடுச்சு."

எப்படிப் போனது என்பது சுவாரசியமான கதை. நம் கிழக்குக் கரையில் கடல் சும்மா முன்னும் பின்னும் மட்டும் ஆடுவதில்லை, மணலைக் கரையோரமாக நகர்த்திக்கொண்டும் இருக்கிறது. வருஷத்தில் பெரும்பாலான மாதங்கள் தெற்கிலிருந்து வடக்கே. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கொஞ்சம் திரும்பி வரும், ஆனால் மொத்தக் கணக்கு வடக்கே போவதுதான். ஒரு கரையில் இருந்த மணல் போகும், தெற்கிலிருந்து புது மணல் வந்து அந்த இடத்தை நிரப்பும். 1980களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகம் கட்டி, கடலுக்குள் இரண்டு கல் சுவர்களை நீட்டினார்கள். வடக்கே போகிற மணல் அந்தச் சுவரில் தடுக்கித் தெற்கிலேயே தங்கிவிட்டது. வடக்கில் இருக்கும் ஊருக்கு வரவு நின்றுபோய்ச் செலவு மட்டும் நடந்தது. வரவில்லாத வீட்டில் என்ன ஆகும், இருப்பெல்லாம் கரைந்தது. கடல் சாலையைத் தொட வந்தபோது கல்லைக் கொட்டினார்கள். கல் கொட்டிய இடத்துக்கு வடக்கே இருக்கும் குப்பங்களில் அரிப்பு ஆரம்பித்தது. அங்கேயும் கல்.

இதே கணக்கு சென்னையில் வேறு மாதிரி விடிந்தது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே துறைமுகம் வந்தபோது, தெற்கில் தங்கிய மணல்தான் இன்றைய மெரினாவின் அகலம். வடக்கே ராயபுரம் பக்கம் கரையைக் கடல் தின்றது. ஆக, ஒரு ஊரின் பீச் இன்னொரு ஊரின் கல்.

பெரியவர் வடக்கே கை காட்டினார். "காந்தி சிலை தாண்டிப் போங்க, தலைமைச் செயலகத்துக்கு எதிர்ல கொஞ்சம் மணல் வந்திருக்கு." உண்மைதான். சென்னையில் இருக்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தார், 2018இல் 900 டன் எடையுள்ள எஃகுக் கட்டுமானம் ஒன்றை அங்கே தண்ணீருக்கு அடியில் இறக்கினார்கள். அலை அதில் மோதி வேகம் குறைந்து, கொண்டுவந்த மணலைக் கரையில் விட்டுவிட்டுப் போகிறது. செஞ்சியிலிருந்து வந்த எட்டுக் கல் தூண்களுக்கு நடுவில் நிற்கும் காந்தியைக் கும்பிட்டுவிட்டு, 1836இல் கட்டிய பழைய கலங்கரை விளக்கத்தைத் தாண்டிப் போனோம். மணல் இருந்தது. மணலுக்குமேல் மக்கள் இருந்தார்கள். முழங்கால் நனைந்ததும் போலீஸ்காரர் விசில் அடித்தார். சிவப்புத் தொப்பி. அம்மா என் காதில், "நம்மூரு பேண்டு செட்டுக்காரங்க மாதிரியே இருக்காங்கல்ல?" என்றாள்.

இரவு கடற்கரைச் சாலையில் வண்டிகள் போக விடாமல் மறித்துவிட்டார்கள். இது இந்த ஊரில் எனக்கு ரொம்பப் பிடித்துப்போன விஷயம். பெண்கள் இவ்வளவு பேர், இவ்வளவு நேரம், ஒரு வேலையும் இல்லாமல், எதையும் வாங்காமல், சும்மா நடந்துகொண்டிருப்பதை நான் சேலத்தில் பார்த்ததில்லை. சுண்டல் வாங்கினோம். பாப்பா தட்டுவடை செட்டு கேட்டாள். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், பச்சைச் சட்னி, காரச் சட்னி வைத்துத் தருவது உலகம் முழுக்க இருக்கும் என்று நினைத்திருக்கிறாள். இங்கே கிடைக்காது என்றதும் அம்மா பையிலிருந்து தட்டுவடையை எடுத்து, சுண்டலை நடுவில் வைத்து மூடிக் கொடுத்தாள். மோசமில்லை.

மறுநாள் காலை குபேர் மார்க்கெட்டுக்குப் போனது என் யோசனை. சேலத்தில் எங்களுக்கு மீன் என்றால் மேட்டூர் அணை மீன், இல்லாவிட்டால் ஐஸ் பெட்டியில் வருகிற கடல் மீன். கரையிலேயே வாங்கினால் சல்லிசாக இருக்கும் என்று கணக்குப் போட்டிருந்தேன். மீன்காரம்மா சிரித்தாள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். மீன் குஞ்சு பொரிக்கிற பருவம் என்று விசைப்படகுகளைக் கடலுக்கு விடுவதில்லை. நாட்டுப்படகும் ஃபைபர் படகும் கொண்டுவருவதுதான். பள்ளிக்கூட லீவும் தடைக்காலமும் ஒன்றாக வருவதால், எங்களை மாதிரி ஆட்கள் எல்லோரும் மீன் விலை உச்சத்தில் இருக்கும்போதுதான் மீன் தின்ன வருகிறோம். வஞ்சிரத்தின் விலையைக் கேட்டு அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஒரு மெஸ்ஸில் கிழங்கான் வறுவல் சாப்பிட்டோம். முள்ளோடு மொறுமொறுவென்று, அதற்காக இன்னொரு தடவை போகலாம்.

கடற்கரை ஊரில் கஷ்டமான நேரம் பகல் பதினொன்று முதல் நாலு வரை. கத்திரி வெயில் சேலத்திலும்தான் கொளுத்துகிறது, ஆனால் எங்கள் ஊரில் வேர்த்தால் காயும். இங்கே காயாது, ஈரத்துணியைப் போர்த்திக்கொண்டு அடுப்படியில் நிற்கிற மாதிரி. மணக்குள விநாயகர் கோயிலுக்குப் போனோம். லட்சுமி யானையிடம் ஆசீர்வாதம் வாங்க வேண்டும் என்று அம்மா வந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். லட்சுமி 2022 நவம்பரில் இறந்துவிட்டது. கோயில் வாசலில் நிற்கும்போதுதான் அம்மாவிடம் சொன்னேன். அவள் ஒன்றும் பேசாமல், யானைக்குக் கொடுக்க வைத்திருந்த பத்து ரூபாயை உண்டியலில் போட்டாள். பாரதி பூங்காவின் ஆயி மண்டபம் அவளுக்குப் பிடித்தது. ஊருக்குத் தண்ணீர்க் குளம் வெட்டத் தன் மாளிகையையே இடித்துக் கொடுத்தாள் ஒரு தாசி என்று கதை. அந்த நிழலில் ஒரு மணி நேரம் படுத்துத் தூங்கினாள்.

மூன்றாம் நாள்தான் மணலுக்குப் போனோம். பெரியவரின் பாடம் புரிந்திருந்ததால் தெற்கே போனால் மணல் இருக்கும் என்று தெரிந்துவிட்டது. கடலூர் சாலையில் நோணாங்குப்பம், சுண்ணாம்பாறு படகுத்துறை. அங்கிருந்து படகில் ஏறி, உப்பங்கழியில் கொஞ்ச தூரம் போனால் பாரடைஸ் பீச். படகு வளைந்து திரும்பியதும் நீளமாக, அகலமாக, மணல். ஒரு பக்கம் கழி, ஒரு பக்கம் கடல். நாங்கள் முதல் நாளே வந்திருக்க வேண்டிய இடம்.

அம்மா நேராகத் தண்ணீருக்குப் போனாள். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. புடவையைக் கெண்டைக்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் போய் நின்று, கையை நீட்டி ஒரு எம்பு எம்பினாள். அந்த நேரம் பார்த்து அலை. ஐம்பது வருஷத்து நீச்சல்காரியை உருட்டிக்கொண்டு வந்து என் காலடியில் போட்டது. மூக்கெல்லாம் உப்புத் தண்ணீர், கொண்டையெல்லாம் மணல். நான் பதறிப்போனேன். அவள் எழுந்து உட்கார்ந்து, துப்பிவிட்டுச் சொன்னாள்: "கிணத்துல நாம ஆடணும், தண்ணி சும்மா இருக்கும். இங்க தண்ணி ஆடுது, நாம சும்மா இருக்கணும் போல." அதற்குப் பிறகு மத்தியானம் வரை அலை வந்து தொடுகிற இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு அலைக்கும் ஒரு தடவை பின்னால் சாய்ந்து, முன்னால் வந்தாள், தறியில் உட்கார்ந்த மாதிரி.

வீட்டுக்காரருக்கும் கிணற்று நீச்சல்தான். அலை அடிக்காமல் அமைதியாகத் தெரிந்த ஒரு இடமாகப் பார்த்து இறங்கப் போனார். உயிர்காப்புப் பணியில் இருந்த பையன் ஓடி வந்தான். "அண்ணா, அலை உடையற எடத்துல குளிங்க. அமைதியா இருக்கற எடத்துக்குப் போவாதீங்க. அங்கதான் இழுப்பு." கரைக்கு வந்த தண்ணீர் திரும்பிப் போக வழி தேடுமாம். மணல் திட்டுக்கு நடுவில் பள்ளம் இருந்தால் அது வழியாக ஆறு மாதிரி உள்ளே ஓடும். ஆழமாக இருப்பதால் அங்கே அலை உடையாது. பார்ப்பதற்குக் குளம் மாதிரி இருக்கும். மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து நீந்தக் கூடாது, கை ஓய்ந்துவிடும். கரைக்கு இணையாக, பக்கவாட்டில் நீந்தி இழுப்பைத் தாண்டிவிட்டுத்தான் கரைக்குத் திரும்ப வேண்டும். அந்தப் பையன் இதை ஒரு நாளைக்கு நூறு பேருக்குச் சொல்வான் போல, மனப்பாடமாக ஒப்பித்தான். கிணற்றில் கற்றவர்களுக்கு இது எதுவும் தெரியாது. எங்களுக்குத் தண்ணீர் அமைதியாக இருந்தால் நல்லது என்றுதான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். ஆண்களுக்குக் கடல் சுலபம், சட்டையைக் கழற்றினால் தீர்ந்தது. நாங்கள் சுடிதாரோடு இறங்குகிறோம். நனைந்ததும் அது இரண்டு கிலோ கனம். வெளியே வந்தால் துப்பட்டாவைத் தேட வேண்டும். மாற்றுத்துணி மாற்ற ஒரு வரிசை, அந்த வரிசையில் நிற்கும்போதே காய்ந்துவிடுகிறது. நான் பாதி நேரம் கடலைப் பார்க்கவில்லை, யார் போனை எந்தப் பக்கம் பிடித்திருக்கிறார்கள் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொலுசு போனது அப்போதுதான். பாப்பா ஓடிவந்து நின்றாள், வலது காலில் சத்தம், இடது காலில் இல்லை. திருகாணி கழன்றிருக்க வேண்டும். எங்கே விழுந்தது என்று கேட்டால் கடலைக் காட்டுகிறாள், மொத்தக் கடலையும்.

என் வீட்டுக்காரரைப் பற்றி ஒன்று தெரிய வேண்டும். பட்டறையில் தினமும் கூட்டுகிற குப்பையைக்கூட எறியமாட்டார். மூட்டை கட்டி வைத்து, அரித்து, அதிலிருக்கும் வெள்ளித் தூளை எடுப்பார்கள். தரையில் சிந்திய அரை கிராமுக்குக்கூட எங்கள் தொழிலில் கணக்கு உண்டு. அப்படிப்பட்ட மனுஷன் பாண்டிச்சேரிக் கடலோரம் மண்டி போட்டு உட்கார்ந்து இரண்டு கையாலும் மணலை அள்ளி, விரலிடுக்கில் விட்டு விட்டு அரித்துக்கொண்டிருந்தார், ஒரு மணி நேரம். அலை வந்து அவர் தோண்டிய குழியை மூடும். மறுபடி தோண்டுவார். பக்கத்தில் யாரோ பையன்கள் அவர் மணல் வீடு கட்டுவதாக நினைத்து உதவிக்கு வந்தார்கள்.

மாங்காய் கீற்று விற்ற அம்மா நின்று பார்த்துவிட்டுச் சொன்னாள்: "கடல் எதையும் வச்சிக்காதுங்க. வடக்கால எங்கனா கொண்டு போயிப் போட்டுடும்."

எனக்கு ஒரு நப்பாசை. அப்படியானால் துறைமுகச் சுவர் வரைக்கும்தானே போகும்? வடக்கே போகிற மணல் எல்லாம் அங்கேதானே முட்டிக்கொண்டு நிற்கிறது, கொலுசும் அதோடு நிற்கும் இல்லையா? சொல்லிப் பார்த்தேன். அவர் தலையைத் தூக்காமலே, "வெள்ளி மணலைவிட நாலு மடங்கு கனம். மணல் போகும், அது போகாது. இங்கயேதான் கீழ இறங்கிக்கிட்டிருக்கு" என்றார். தொழில்காரர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அந்த அம்மாவிடம் மாங்காய் வாங்கினோம். எங்கள் அம்மா பையைத் திறந்து, மிச்சமிருந்த மல்கோவாவில் நாலை அவள் கூடையில் வைத்தாள். போகிற ஊரில் யாராவது இருப்பார்கள் என்று சொன்னாள் இல்லையா.

கிளம்பும்போது பாப்பா காலித் தண்ணீர்ப் பாட்டிலில் கடலை நிரப்பிக்கொண்டாள். ஒரு லிட்டர் பாட்டில், கழுத்துவரை. பள்ளிக்கூடத்தில் காட்டுவதற்காம்.

திரும்பும் பஸ்ஸை எல்லைக்கு இந்தப் பக்கம் சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். எங்கள் பையைத் திறந்தால் மேலாக, ஈரத் துண்டில் சுற்றி, பத்திரமாக ஒரு பாட்டில். காவலர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். "கடல் தண்ணிங்க சார்" என்றேன். எத்தனையோ பொய்களைக் கேட்டவர், இந்தப் பொய்யை மட்டும் கேட்டதில்லை போல. மூடியைத் திறந்து முகர்ந்தார். சந்தேகம் தீராமல் கையில் கொஞ்சம் ஊற்றி நாக்கில் வைத்தார். பஸ் முழுக்க எட்டிப் பார்த்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்தார். அந்தக் களேபரத்தில் கால் பாட்டில் கொட்டிவிட்டது. பாப்பா உளுந்தூர்பேட்டை வரைக்கும் அழுதாள். கொலுசுக்குக்கூட அவ்வளவு அழவில்லை.

சேலத்துக்கு வந்த மறுநாள் அம்மாதான் சொன்னாள், பாட்டிலில் வைத்தால் நாறிப்போகும், தட்டில் ஊற்றி மொட்டை மாடியில் வை என்று. எங்கள் ஊர் மே மாத வெயிலுக்கு மூன்றே நாள். தண்ணீர் போய், தட்டின் அடியில் சாம்பல் கலந்த வெள்ளையில் ஒரு படலம். கரண்டியால் சுரண்டிக் காகிதத்தில் மடித்துப் பட்டறைக்கு எடுத்துக்கொண்டு போனாள் பாப்பா. அந்த ஒத்தைக் கொலுசையும் அன்றைக்குத்தான் கொண்டுபோயிருந்தோம். ஒத்தைக் கொலுசை வைத்துக்கொண்டு என்ன செய்வது, உருக்கிவிட்டுப் புது ஜோடிக்குச் சேர்த்துக்கொள்ளலாம் என்று.

வெள்ளி நிறுக்கிற மின் தராசில் அவர் முதலில் கொலுசை வைத்தார். 31. எடுக்கும்போது சலங்கை இடுக்கிலிருந்து நாலைந்து மணல் தட்டில் உதிர்ந்தது. ஊதப் போனவர் ஊதாமல் விரலால் ஒற்றி எடுத்துப் பாப்பாவின் உள்ளங்கையில் வைத்தார். அப்புறம் உப்பை வைத்தார். 24.

பாப்பா கொஞ்ச நேரம் விரல் விட்டு எண்ணினாள். பட்டறையில் பிறந்து வளர்ந்தவள் இல்லையா.

"இன்னும் ஏழு கிராம் பாக்கிப்பா. அடுத்த லீவுக்குப் போய் வாங்கிக்கலாம்."